அறுமீன் எங்கே? மும்பையின் வெளிச்சமும் மறைந்துபோன இராவானமும்



யோபின் புத்தகத்திலும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்திலும் அறுமீன், மிருகசீரிஷம் என்னும் இரண்டு பெயர்கள் வருகின்றன. நம்மில் அநேகர் அவற்றைப் பலமுறை வாசித்துக் கடந்துபோயிருக்கிறோம். அவை யாவை என்று கேட்டால், நட்சத்திரங்கள் என்று பதில் வரும். வானத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பதில் வருவதில்லை. யோபுவுக்கு அகராதி தேவைப்படவில்லை. வாசலுக்கு வெளியே வந்து தலையை உயர்த்தினால் போதும். தெக்கோவாவில் மந்தை மேய்த்த ஆமோசுக்கும் அவை இரவுதோறும் கண்ட அடையாளங்கள்.

நம் தாத்தா பாட்டிமாருக்கும் அப்படியே. திருநெல்வேலிச் சீமையில் வயலுக்கு நீர் பாய்ச்ச எழும்பினவர்கள் விடிவெள்ளியைப் பார்த்து நேரம் அறிந்தார்கள். கடலுக்குப் போனவர்கள் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிந்தார்கள். ஊரார் கார்த்திகைக் கூட்டம் என்று சொன்னதும், வேதம் அறுமீன் என்று சொல்லுவதும் ஒன்றே. வெறுங்கண்ணுக்கு ஆறு நட்சத்திரங்கள் ஒரு சிறு கொத்தாகத் தெரிவதால் அதற்கு அந்தப் பெயர்.

இன்று தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளருகிற ஒரு பிள்ளையிடம் அறுமீனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். டிசம்பர் மாதத்து இரவு 9 மணி, மேகம் இல்லை, அந்தக் கொத்து தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆனாலும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறமான ஒரு கூரை மாத்திரமே. நட்சத்திரங்கள் எங்கும் போய்விடவில்லை. அவற்றுக்கும் நமக்கும் நடுவே, நாம் ஏற்றிவைத்த வெளிச்சமே திரையாக நிற்கிறது. இதைத்தான் ஒளி மாசு என்கிறார்கள்.

காற்றும் தண்ணீரும் மாசுபடுவதை நாம் அறிவோம். வெளிச்சம் எப்படி மாசாகும்? அது நன்மையல்லவா? இந்தக் கேள்விக்கு நிதானமாய்ப் பதில் தேடுவோம்.

வெளிச்சம் வானத்தை மறைப்பது எப்படி?

தெருவிளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் தெருவில் விழுவதில்லை. மேல்மூடி இல்லாத விளக்கு பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஒளியைச் சிதறவிடுகிறது. தரையில் விழுந்த ஒளியிலும் ஒரு பங்கு, சிமெண்டுச் சாலையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டு மேலே திரும்புகிறது. இப்படி மேலே போன ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் புகையிலும் நுண்ணிய நீர்த்துளிகளிலும் மோதி எத்திசையிலும் சிதறி, மறுபடியும் நம் கண்ணுக்கே இறங்கிவருகிறது. கடலோரத்து ஈரக்காற்றும், கட்டடவேலைத் தூசியும், வாகனப் புகையும் நிறைந்த மும்பையில் இந்தச் சிதறல் மிகுதி. நகரம் முழுவதற்கும் மேலாக ஒரு மங்கிய ஒளிப்போர்வை விரிகிறது. மெல்லிய நட்சத்திர ஒளி அதற்குள் அமிழ்ந்துபோகிறது.

விளக்கின் நிறத்துக்கும் இதில் பங்குண்டு. நீல ஒளி சிவப்பு ஒளியைவிட அதிகமாய்ச் சிதறும். பகலில் வானம் நீலமாய்த் தோன்றுவதற்கும் இதுவே காரணம். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு; இன்றைய வெண்மையான எல்.இ.டி. விளக்குகளில் அது அதிகம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு 2015-ல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஒரு கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன. செலவு குறைந்தது உண்மை. ஆனால் வெளிச்சம் மலிவானபோது, முன்பு விளக்கே இல்லாதிருந்த இடங்களிலும் விளக்குகள் பெருகின.

முற்றிலும் இருண்ட இடத்தில், நிலவில்லாத இரவில், நல்ல கண்பார்வை உள்ள ஒருவர் ஒரே வேளையில் ஏறக்குறைய 2,500 நட்சத்திரங்களை வெறுங்கண்ணால் காணலாம். ஒரு பெருநகரத்தின் நடுவில் அந்தக் கணக்கு சில பத்துகளாகச் சுருங்கிவிடுகிறது. 2016-ல் வெளியான உலக வரைபட ஆய்வொன்று, உலக மக்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் ஒளி மாசுபட்ட வானத்தின்கீழ் வாழ்கிறார்கள் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்குப் பால்வீதி தெரிவதேயில்லை என்றும் காட்டியது. 2011 முதல் 2022 வரை பல நாடுகளின் பொதுமக்கள் தங்கள் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000-க்கும் அதிகமான குறிப்புகளைத் தொகுத்து, 2023-ல் மற்றொரு ஆய்வு வெளியாயிற்று. இரவு வானத்தின் பிரகாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவருகிறது என்பது அதன் முடிவு. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரங்கள் தெரிந்த இடத்தில், இதே வேகத்தில் போனால், அந்தக் குழந்தைக்கு 18 வயதாகும்போது 100 மாத்திரமே தெரியும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இன்னொன்றையும் சிந்தித்துப் பாருங்கள். அறுமீன் கூட்டம் நம்மிலிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்றிரவு நம்மை வந்தடையும் அதன் ஒளி, பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்து புறப்பட்டது. அந்நாளில் பம்பாய் போர்த்துகீசியரின் கையிலிருந்த ஏழு தீவுகள். 440 ஆண்டுகள் தடையின்றிப் பயணம்செய்த ஒளி, கடைசி சில கிலோமீட்டரில் ஒரு விளம்பரப் பலகையின் பிரகாசத்தில் தொலைந்துபோகிறது.

பம்பாயின் இரவு மாறிய கதை

1882-ல் பம்பாயின் கிராஃபோர்டு மார்க்கெட்டில் மின்விளக்கு எரிந்தது. 1907-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மின்சார டிராம் வருவதற்கு முன்பே அதற்காக இடம்பெயர்ந்த ஒரு நிறுவனம் உண்டு. கொலாபாவில் இயங்கிவந்த வானாய்வு நிலையம் பூமியின் காந்தப்புலத்தை நெடுங்காலமாய் அளந்துவந்தது. மின்சார டிராம்கள் வந்தால் அந்த நுண்ணிய கருவிகள் கலங்கிவிடும் என்பதால், 1904-ல் அப்பணி கடலுக்கு அப்புறமுள்ள அலிபாகுக்கு மாற்றப்பட்டது. காந்தக் கருவிகளுக்குக் கடலைக் கடந்து ஒரு புகலிடம் கிடைத்தது. நகரத்தில் வாழும் மனிதரின் கண்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்நகரம் தன் விளக்குகளைத் தானே அணைத்தது. 1971 டிசம்பர் யுத்தத்தின்போது பம்பாயில் இருட்டடிப்பு அமலில் இருந்தது. ஜன்னல்களைக் காகிதத்தால் மறைத்த அந்நாட்களை நம் சபைகளிலுள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வார்கள். நிலவு தேய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அறுமீனும் மிருகசீரிஷமும் முன்னிரவிலேயே உயர எழும்பும் மாதம் அது. அந்தப் பயத்தின் நடுவிலும் வானம் தன் பழைய கோலத்தில் மேலே நின்றது. யுத்தம் முடிந்தது, விளக்குகள் மறுபடி எரிந்தன, அவை பெருகிக்கொண்டே போயின.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1994 ஜனவரி 17 அதிகாலை பூமியதிர்ச்சி உண்டாகி மின்சாரம் நின்றபோது, வெளியே ஓடிவந்த மக்கள் விசித்திரமான வானத்தைக் கண்டார்கள். அங்கிருக்கும் கிரிஃபித் வானாய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து, வானத்தில் இதென்ன என்று சிலர் விசாரித்தார்கள். அவர்கள் கண்டது வழக்கமான நட்சத்திர வானமே. அதற்கு முன் அவர்கள் அதைக் கண்டதில்லை, அவ்வளவுதான். நம் பிள்ளைகளும் அதே நிலையை நெருங்கிவருகிறார்கள்.

அப்படியானால் விளக்கு வேண்டாமா?

இங்கே ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். தாராவியின் குறுகிய சந்துகளில் வாழ்கிறவர்களிடம் போய், விளக்கை அணையுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பொதுக்கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியாவிட்டால் ஒரு தாய் தன் மகளைத் தனியே அனுப்பமாட்டாள். இரவு வேலை முடிந்து கடைசி ரயிலில் இறங்கி நடந்துவரும் சகோதரிக்குத் தெருவிளக்கே துணை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு, வீட்டில் எரியும் ஒரு பல்பின் அருமை தெரியும். ஊரைவிட்டு இந்நகரம் வந்தவர்களுக்கு வெளிச்சம் என்பதே முன்னேற்றத்தின் அடையாளம்.

ஆகவே நம் வாதம் வெளிச்சத்துக்கு விரோதமானதல்ல. வீணாகும் வெளிச்சத்தைக் குறித்தது. நம் கால்களுக்கு முன்பாக விழும் ஒளி நமக்கு உதவுகிறது. நம் கண்ணுக்குள் அடிக்கும் ஒளியும் வானத்துக்குப் போகும் ஒளியும் யாருக்கும் உதவுவதில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு பாதுகாப்பையும் குறைக்கிறது. அந்த விளக்கைப் பார்க்கும்போது நம் கண்மணி சுருங்குகிறது; அதற்கு அப்பாலுள்ள நிழல் இன்னும் கரிய இருளாகிறது. அந்த நிழலில் நிற்பவன் நம்மைக் காண்பான்; நாம் அவனைக் காணோம். மேல்மூடியுள்ள, மிதமான, சீராகப் பரவும் விளக்குகளே நடந்துபோகிறவருக்கு நல்ல பாதுகாப்பு.

இந்நகரத்தில் வெளிச்சம் பங்கிடப்பட்டிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். மித்தி நதிக்கு அக்கரையில் பாந்த்ரா குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள், அலுவலர் வீடு திரும்பிய பின்னும் ஒளிர்கின்றன. இக்கரையில் தாராவியின் எத்தனையோ சந்துகள் அரையிருளில் கிடக்கின்றன. தேவையான இடத்தில் குறைவும், தேவையற்ற இடத்தில் மிகுதியும் இருப்பதே இந்த மாசின் முழுச் சரித்திரம்.

சரீரத்துக்கு இருள் ஏன் தேவை?

நம் மூளையின் நடுவில் பட்டாணியைவிடச் சிறிதான ஒரு சுரப்பி உண்டு. இருள் சூழும்போது அது மெலடோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இது இரவு, இளைப்பாறு என்று சரீரத்தின் உறுப்புகளுக்கெல்லாம் அறிவிப்பது அந்தப் பொருளே. கண்ணில் ஒளி படும்போது, விசேஷமாய் நீலம் கலந்த ஒளி படும்போது, அந்தச் சுரப்பு குறைகிறது. சரீரத்துக்குள் இருக்கும் கடிகாரம் எவ்விதம் ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், சரீரக் கடிகாரத்தைக் குலைக்கும் சுழற்சி முறை வேலையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாயிருக்கலாம் என்னும் பிரிவில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடியும் ஆராய்ந்து இரவு வேலையை அதே பிரிவில் வைத்தது. இது நிச்சயமான தீர்ப்பல்ல, எச்சரிக்கை. மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் காவல் பணியிலும் கால் சென்டரிலும் இரவில் உழைக்கும் நம் ஜனங்கள் பயப்படவேண்டாம்; ஆனால் பகலில் உறங்கும்போது அறையை நன்றாய் இருட்டாக்கிக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஓரிரவு விழித்திருந்து ஜெபிப்பது வேறு. வருஷக்கணக்காய் ஒவ்வொரு இரவும் வெளிச்சத்தில் கழிப்பது வேறு.

வீடுகளையும் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்துபேர் படுக்கிறோம். வெளியிலிருந்து ஒரு கடையின் பெயர்ப்பலகை ஜன்னல் வழியே உள்ளே அடிக்கிறது. உள்ளே ஒருவருடைய செல்போன் எரிகிறது. பிள்ளை தூங்கவில்லை என்று தாய் கவலைப்படுகிறாள். ஒரு கனத்த திரையும், இரவு 10 மணிக்குமேல் கைப்பேசிக்கு ஓய்வும் பல வீடுகளில் நல்ல மருந்தாகும்.

பறவைக்கும் ஆமைக்கும் மின்மினிக்கும்

செம்பூரில் வாழ்கிறவர்களுக்கு மாகுல் தெரியும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே, மாகுலிலும் சிவ்ரியிலும் உள்ள சேற்றுநிலங்களில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரமாயிரமாய் வந்திறங்குகின்றன. தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-ல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இப்பறவைகள் பெரும்பாலும் இரவில் பறந்து இடம்பெயர்கின்றன. 2024 கோடையில் நவி மும்பையின் நேருல் ஏரிப்பகுதியில் சில பூநாரைகள் இறந்துகிடந்தபோது, அங்கே புதிதாய்ப் பொருத்தப்பட்ட கூசும் விளக்குகளும் ஒரு காரணமோ என்று இயற்கை ஆர்வலர் கேள்வி எழுப்பினார்கள்.

சென்னைக் கடற்கரையில் இதன் விளைவு இன்னும் வெளிப்படை. பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமை மணலில் முட்டையிடுகிறது. இரவில் பொரித்து வெளிவரும் குஞ்சு, அடிவானத்தில் பிரகாசமான திசையை நோக்கி ஊர்ந்துபோகும் சுபாவமுடையது. ஆதியில் அந்தத் திசை, நட்சத்திர ஒளி பிரதிபலிக்கும் கடலாக இருந்தது. இன்றோ கரையிலுள்ள விளக்குகளே பிரகாசமாயிருப்பதால் குஞ்சுகள் சாலைப்பக்கம் போய் மாண்டுபோகின்றன. இதற்காகவே 1988 முதல் சென்னை மாணவர் குழுவொன்று இரவில் கரையோரமாய் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது.

மின்மினியும் அப்படியே. அதன் ஒளி அதன் பேச்சு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வது அதனாலேயே. சுற்றிலும் விளக்கெரிந்தால் அந்தப் பேச்சு கேட்காது. 2022-ல் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதை வனத்துறையினர் பதிவுசெய்தார்கள். இருள் காக்கப்பட்ட காட்டில் அது நடந்தது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

ஒலி மாசைத் தடுக்க 2000-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்பதை நம் சபைகள் நன்றாய் அறியும். ஒளி மாசுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. ஆயினும் மும்பையிலிருந்தே சில குரல்கள் எழும்பியுள்ளன. 2015-ல் மரீன் டிரைவின் மஞ்சள் விளக்குகள் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளாய் மாற்றப்பட்டபோது பலத்த எதிர்ப்பு எழும்பிற்று. பின்பு மஞ்சள் சாயலுள்ள விளக்குகள் வைக்கப்பட்டன. 2018-ல் அதே பகுதியில் வாழ்ந்த ஒரு குடிமகன், தன் வீட்டுக்கு எதிரேயுள்ள விளையாட்டு மைதானத்தின் ஃபிளட் லைட்டுகள் உறக்கத்தைக் கெடுப்பதாகப் புகார் கொடுத்தார். இரவு 10 மணிக்குமேல் அவற்றை அணைக்கும்படி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உத்தரவிட்டது. மரங்களில் சுற்றப்பட்ட அலங்கார விளக்குகளுக்கு எதிரான பொதுநல வழக்கு 2024-ல் மும்பை உயர்நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அதன்பின் மரங்களிலிருந்து அவ்விளக்குகளை அகற்றும்படி மாநகராட்சி அறிவுறுத்தியது. ஒரு தனிமனிதன் எழுதிய விண்ணப்பம்கூட பலன் தரும் என்பதற்கு இவை சாட்சி.

இருளைக் காத்துக்கொண்ட ஊர்கள்

நம் தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையின் காவலூரில், இருண்ட தெளிந்த வானத்தைத் தேடி ஒரு வானாய்வகம் அமைக்கப்பட்டது. வைணு பாப்பு என்னும் விஞ்ஞானியின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அங்கே தொடங்கிவைக்கப்பட்டது. இன்னும் உயர்ந்த, வறண்ட, இருண்ட இடம் வேண்டி விஞ்ஞானிகள் லடாக்கின் ஹான்லே வரைக்கும் போனார்கள். அங்கே ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் 2000-ல் ஒரு தொலைநோக்கி தன் முதல் ஒளியைக் கண்டது. 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரார் ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருக்கிறார்கள்; விளக்குகளுக்கு மூடி இட்டிருக்கிறார்கள். ஊர்மக்களே தொலைநோக்கியைக் கையாளப் பயின்று, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். இருள் அவர்களுக்கு வறுமையாகவில்லை, பிழைப்பாயிற்று.

நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே, நாகபுரிக்கு வடக்கேயுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. அங்குள்ள கிராமங்களின் தெருவிளக்குகள் அணைக்கப்படவில்லை. தரையை மாத்திரம் நோக்கும்படி மாற்றப்பட்டன.

நாம் செய்யக்கூடிய ஐந்து காரியங்கள்

முதலாவது, தேவையா என்று கேளுங்கள். எந்த விளக்கை ஏற்றுமுன்னும், இது யாருக்கு உதவுகிறது என்று கேட்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது, விளக்கைத் தரையை நோக்கித் திருப்புங்கள். வாசலில் உள்ள விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போட்டால், அதே பல்பு வாசலுக்கு அதிக வெளிச்சம் தரும். எதிர்வீட்டாரின் தூக்கமும் காக்கப்படும்.

மூன்றாவது, அளவைக் குறையுங்கள். 9 வாட் போதுமான இடத்தில் 40 வாட் வேண்டாம்.

நான்காவது, நேரத்தைக் குறியுங்கள். கடை அடைத்தபின் பெயர்ப்பலகையும் உறங்கட்டும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்குகள் இன்று மலிவாய்க் கிடைக்கின்றன.

ஐந்தாவது, நிறத்தைப் பாருங்கள். பல்பின் அட்டையில் 3000 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் அது இளமஞ்சள் ஒளி. 6500 என்றிருந்தால் நீலம் மிகுந்த வெள்ளொளி. வெளிப்புறத்துக்கும் படுக்கையறைக்கும் மஞ்சளே நலம்.

கூசும் விளக்கோ எரியாத விளக்கோ இருந்தால், இரண்டையும் புகாராக எழுதுங்கள். தாராவிக்கு ஜி வடக்கு வார்டு அலுவலகம், மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு. இருண்ட சந்துக்கு விளக்குக் கேட்கும் அதே கடிதத்தில், அது மூடியுள்ள விளக்காக இருக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஜெபவீடுகளும் இதற்கு விலக்கல்ல. கூட்டம் முடிந்த மைதானத்தில் விடியும்வரை எரியும் ஃபிளட் லைட்டும், பிப்ரவரி வரைக்கும் அணையாத கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கும் அயலாருக்கு நற்செய்தி சொல்லுவதில்லை. அயலானுடைய உறக்கத்தை மதிப்பதும் அன்பின் ஒரு பகுதியே.

பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுங்கள்

நட்சத்திரம் பார்ப்பது என்றவுடன் சிலர் தயங்குவார்கள். அது ஜோசியமல்லவா என்பார்கள். அல்ல. நட்சத்திரங்களைக் கொண்டு மனிதனுடைய எதிர்காலத்தைக் குறிக்க முயல்வது ஜோதிடம். அதை வேதம் கண்டிக்கிறது. நட்சத்திரங்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது, எப்படி எரிகின்றன என்று அளந்தறிவது வானசாஸ்திரம். நட்சத்திரங்களை எண்ணிப்பார் என்று ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட சம்பவத்தை ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுக்கிறோம். ஐந்தே நட்சத்திரம் கண்ட பிள்ளைக்கு அந்த வாக்குத்தத்தத்தின் விஸ்தாரம் எப்படி விளங்கும்? எண்ணமுடியாததை ஒருமுறையாவது கண்ணால் கண்டிருக்க வேண்டாமா?

வழிகள் உண்டு. 1977 முதல் வொர்லியில் நேரு கோளரங்கம் இயங்கிவருகிறது. வானத்தின் வரைபடத்தை அங்கே கற்றுக்கொள்ளலாம். தாராவிக்கு அடுத்த சயானில் 1980-களில் தோன்றிய ககோள் மண்டல் என்னும் ஆர்வலர் அமைப்பு, பத்லாப்பூருக்கு அப்பால் கர்ஜத் ரயில் பாதையிலுள்ள வங்கனி கிராமத்தில் இரவுமுழுதும் வானம் பார்க்கும் நிகழ்ச்சிகளை நடத்திவந்திருக்கிறது. நம் பகுதியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்றடையும் தூரமே.

எல்லாவற்றிலும் எளிய வழி, நாம் ஆண்டுதோறும் போகும் சொந்த ஊர். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனால், நிலவில்லாத ஓரிரவில் பிள்ளைகளை விளக்கில்லாத வயற்புறத்துக்கோ மொட்டைமாடிக்கோ அழைத்துப் போங்கள். கைப்பேசியை மூடிவையுங்கள், கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். கிழக்கே ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். மிருகசீரிஷம் என்று வேதம் சொல்லும் கூட்டத்தின் நடுப்பகுதி அது. அந்த வரிசையைப் பிடித்து மேலே போனால் சிவந்த ஒரு நட்சத்திரம். அதையும் கடந்து உச்சிக்குப் போனால் சிறு கொத்தாக அறுமீன். மே மாதத்தில் போகிறவர்கள் இரவு 9 மணியளவில் தெற்கே பாருங்கள். சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்கள் நிற்கும். மும்பையில் அது அடிவானத்துப் புகையில் மறைந்துவிடும். நெல்லையிலும் குமரியிலும் தெளிவாய் உயர்ந்து நிற்கும். ஊரிலிருக்கும் பெரியவர்களையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். நாம் மறந்த பெயர்கள் இன்னும் அவர்கள் நாவில் உண்டு.

கெட்டுப்போன ஆற்றைச் சுத்திகரிக்கத் தலைமுறைகள் ஆகும். புகைபடிந்த காற்று தெளிய ஆண்டுகள் ஆகும். இந்த ஒரு மாசு மாத்திரம், விளக்கைத் திருப்பிய அந்த நிமிஷத்திலேயே ஒளியின் வேகத்தில் விலகிப்போகும். பின்னால் எந்தக் கழிவையும் விட்டுவைக்காது. ஆகையால் இன்றிரவு உங்கள் வாசலில் எரியும் விளக்கு எங்கே பார்க்கிறதென்று ஒருமுறை கவனியுங்கள். அது உங்கள் படிக்கட்டைப் பார்க்கட்டும். வானத்துக்கு வேண்டிய வெளிச்சம் அங்கே ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது.